இருபத்திரண்டு பேர் வந்தாச்சா?

'ராத்திரியில அப்படி என்னத்தடா சுத்திப் பாப்பீங்க?'

பாங்காக் டூர் அட்டவணையைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி இதுதான். முதல் நாள் புத்தர் கோயில், இரண்டாம் நாள் மிதக்கும் சந்தை என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், 'மூன்றாம் நாள் இரவு: வழிகாட்டியுடன் ரூஃப்டாப் பார், கிளப் சுற்றுலா' என்ற வரியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தம்மம்பட்டிக்காரருக்கு வரவேண்டிய நியாயமான சந்தேகம்தான். ராத்திரியில் எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு பக்கம் கொத்து புரோட்டா சத்தம். ஆத்தூர் போகும் கடைசி பஸ். அதைத் தவறவிட்டுப் புலம்பும் இரண்டு பேர். மரச் சிற்பப் பட்டறைகளில் அவசர ஆர்டர் இருந்தால் பத்து மணி வரை உளிச் சத்தம் கேட்கும். அப்புறம் கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் காற்று. அவ்வளவுதான் எங்கள் நைட் லைஃப்!

பாங்காக் போகும் யோகம் என்னால் வந்ததில்லை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஊரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். 'டார்கெட்' முடித்த டீலர்களை ஒரு பெயின்ட் கம்பெனி குடும்பத்தில் ஒருவரோடு சேர்த்து வெளிநாடு அழைத்துப் போகும். அண்ணிக்கு விமானம் என்றால் பயம். 'நீ வாடா... உனக்குத்தான் நாலு வார்த்தை இங்கிலீஷ் வருமே' என்றார் அண்ணன். 2024 பிப்ரவரியில் கிளம்பினோம். சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் மொத்தம் 22 பேர். ராசிபுரம் டைல்ஸ் கடைக்காரர், ஆத்தூர் சானிட்டரிவேர்ஸ்காரர், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர்... இப்படி ஒரு செட்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட்டல் வாசலில் வந்து நின்றது ஒரு பெண். வயது 25 இருக்கலாம். ஐந்தடி உயரம் இருந்தால் அதிகம். இதுதான் எங்கள் 22 பேரையும் பாருக்கும் கிளப்புக்கும் கூட்டிப் போகும் வழிகாட்டி. கூடவே வரிசையின் கடைசியில் நடந்து வர ஒரு பையன்.

வந்ததும் எல்லார் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டை ஒட்டியது. தாய்லாந்து எழுத்தில் ஓட்டல் விலாசம் அச்சடித்த அட்டையை ஆளுக்கொன்று கொடுத்தது. 'ஒவ்வொரு இடத்திலும் ஏறும்போது எண்ணுவேன். இறங்கும்போது எண்ணுவேன். எண்ணிக்கை சரியாகாமல் வண்டி நகராது' என்றது. நான் தமிழில் சொன்னேன். 'ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் மாதிரி இருக்கேப்பா' என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னொரு சிக்கல். அந்தப் பெண் எல்லாரையும் 'பீ... பீ...' என்று கூப்பிட்டது. ராசிபுரம்காரர் முகம் சுருங்கிவிட்டது. 'என்னப்பா இது, மரியாதையில்லாம?' அந்த ஊரில் வயதில் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் 'அண்ணே', 'அக்கா' என்கிற மாதிரி என்று விளக்கிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

முதலில் சிலோம் பகுதியில் இருக்கும் ஸ்டேட் டவர். அதன் 63-வது மாடியில் திறந்த வானத்துக்குக் கீழே 'ஸ்கை பார்'. தலைக்கு மேலே தங்க நிறத்தில் பெரிய குவிமாடம், கீழே சாவ் பிரயா ஆறு. 2011-ல் வந்த 'தி ஹேங்ஓவர் பார்ட் 2' படத்தில் இந்த இடம் வந்ததிலிருந்து உலகம் பூராவும் இருந்து கூட்டம். அரை டிரவுசர், ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை. நாமக்கல்காரர் செருப்பை மாற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஒரு கிளாஸ் விலை ஆயிரம் பாட்டுக்கு மேல். அப்போதைய கணக்கில் நம் காசு 2,300 ரூபாய். அதற்கு மேல் 'பிளஸ் பிளஸ்' என்று போட்டிருந்தது. நான் படித்தது பி.காம். இந்த மாதிரி இடத்தில் எனக்குக் கை சும்மா இருக்காது. 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகை மீது 7 சதவிகிதம் வாட்... ஆக மொத்தம் 17.7 சதவிகிதம் என்று சொன்னேன். 'குடிக்கிறதுக்கு முன்னாடியே இறக்கி வுட்டுடுவே போல' என்றார் அண்ணன்.

என் கையில் ஆரஞ்சு ஜூஸ். 20 வருடமாக அப்படித்தான். காரணம் அண்ணனுக்குத் தெரியும். கேட்க மாட்டார்.

'இவ்வளவு பகிரங்கமா, பொம்பளை ஆம்பளை எல்லாம் உக்காந்து சிரிச்சுப் பேசிட்டுக் குடிக்கிறாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன்டா இது திருட்டு வேலை மாதிரியே இருக்கு?' என்றார் ஆத்தூர்காரர்.

63-வது மாடியில் நின்றுகொண்டு சேலம் ஜில்லாக் கதையைச் சொன்னேன். 1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். கொண்டுவந்தவர் ராஜாஜி. கடையை மூடியதோடு விடவில்லை. மாலையில் வேலை முடிந்து வருகிறவன் எங்கே போவான் என்றும் யோசித்தார்கள். டீக்கடை, விளையாட்டு, பஜனை என்று மாற்று ஏற்பாடுகள் நடந்தன. கள்ளு வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. கல்லூரியில் நான் விழுந்து விழுந்து படித்த சேல்ஸ் டாக்ஸுக்கு மூலகாரணமே சேலத்துக் கள்ளுக்கடைதான்!

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் தளர்த்தல். அப்புறம் மூடுவதும் திறப்பதுமாகப் பல ஆட்டம். 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2023-24-ல் மது மூலம் அரசுக்கு வந்த வரி வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

'பணத்தை நல்லாத்தான் எண்ணுறாங்க' என்றார் ஆத்தூர்காரர்.

கீழே இறங்கினோம். லிஃப்ட் வாசலில் அந்தப் பெண் விரலை நீட்டி நீட்டி எண்ணியது. இருபத்திரண்டு. வண்டி கிளம்பியது.

அடுத்து சுகும்வித் பகுதியில் ஒரு பார். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் மேஜையைக் காட்டவில்லை. அவசர வழி எங்கே என்று காட்டியது. 2009 புத்தாண்டு பிறந்த ராத்திரி இதே பாங்காக்கில் 'சந்திகா' என்ற கிளப் தீப்பிடித்து, 60-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற முடியாமல் செத்துப்போனார்கள். நம் நாட்டில் மட்டும் என்ன? 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்து மொட்டை மாடி பப்பில் 14 பேர். 2025 டிசம்பரில் கோவா ஆர்போரா கிளப்பில் 25 பேர். கொண்டாட்டம் நடக்கும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாசலைத்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

கடைசியாக ஒரு கிளப். பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. ராசிபுரம்காரர் ஆடினார். ஆத்தூர்காரர் அதை வீடியோ எடுத்து மிரட்டினார். ராத்திரி ஒன்றரை மணிக்கு வெளியே வந்தோம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே எண்ணியது அந்தப் பெண்.

இருபத்தொன்று.

மறுபடி எண்ணியது. இருபத்தொன்று. நாமக்கல்காரரைக் காணோம்.

'டாக்ஸி புடிச்சு ரூமுக்குப் போயிருப்பாருப்பா...'

'கையில விலாச அட்டை இருக்குல்ல? வந்துடுவாரு. தூக்கம் வருது, வண்டிய எடுக்கச் சொல்லு.'

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. 'அவர் போனதை யார் பார்த்தீர்கள்? பார்த்தவர் மட்டும் சொல்லுங்கள்.'

யாரும் பேசவில்லை. ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை.

பையனை வண்டிக் கதவில் நிறுத்திவிட்டு அந்தப் பெண் மறுபடி உள்ளே ஓடியது. நான் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலில் பலம் இல்லை. 'போயிருப்பாரு.' இந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

2004. டாஸ்மாக் கடை வந்த பிறகு வந்த முதல் பொங்கல். காணும் பொங்கல் ராத்திரி. வெளியூரில் வேலை பார்த்த நண்பர்கள் எல்லாம் தம்மம்பட்டிக்கு வந்திருந்தோம். ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடி. மாடி பாதிதான் கட்டியிருந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. ஏழு பேர் ஏறினோம். செலவு என்னுடையது. பத்து ரூபாய் கணக்கு இடித்தது. எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வரை நான் விடவில்லை.

பதினொன்றரை மணிக்கு, பனி தாங்காமல் இறங்கினோம். ஆறு பேர்.

'அவன் எங்கடா?' என்று கேட்டது நான்தான். 'வீட்டுக்குப் போயிருப்பான்டா' என்று ஒரு குரல். யார் குரல் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. போய்ப் படுத்துவிட்டேன்.

அவன் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறான். விடியற்காலை இருட்டில் எழுந்தவன் படி என்று நினைத்து விளிம்பில் கால் வைத்துவிட்டான். கீழே ஜல்லிக் குவியல். உயிர் தப்பியது. வலது மணிக்கட்டு தப்பவில்லை. சேலத்தில் இரண்டு ஆபரேஷன் நடந்தும் கை பழையபடி மடங்கவில்லை.

அவன் சிற்பி. பெரிய வாகை மரத் துண்டில் அவன் சாமிக்குக் கண் திறப்பதைப் பார்க்கவே பட்டறையில் நாங்கள் கூடி நிற்போம். அதற்கப்புறம் அவன் உளி பிடிக்கவில்லை. அவன் தம்பி செதுக்கும் சிலைகளுக்கு இடது கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான், வார்னிஷ் அடிக்கிறான். தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அவனும் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். இடது கையால்.

பாங்காக்கில் 25 நிமிடம் ஆனது. கிளப்பின் பின்பக்கப் படிக்கட்டில், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த நாமக்கல்காரரைத் தாங்கலாகக் கூட்டி வந்தது அந்தப் பெண். வண்டியில் ஏற்றித் தண்ணீர் கொடுத்துவிட்டு, முதலில் இருந்து எண்ணியது. இருபத்திரண்டு. அப்புறம்தான் டிரைவருக்குக் கையசைத்தது.

அந்த வருடம் ஜூன் மாதம், எங்கள் பக்கமிருந்து ரொம்ப தூரமில்லாத கள்ளக்குறிச்சியில், விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கேயும் எண்ணிக்கை நடந்தது. தினமும் காலையில், ஆஸ்பத்திரி வாசலில். குடிக்கிறவனை நாம் கடைசியில்தான் எண்ணுகிறோம்.

அந்தச் செய்திகளை எழுதி முடித்த கையோடு ஊருக்குப் போனேன். பட்டறையில் தேய்த்துக்கொண்டிருந்தான். பாங்காக் கதையை முழுசாகச் சொன்னேன்.

'அந்தப் பொண்ணுக்கு சம்பளம் குடுக்குறாங்க, எண்ணுது' என்று சிரித்தான்.

'அன்னைக்கு நீ எங்கேன்னு நான் கேட்டேன்டா. போயிருப்பான்னு யாரோ சொன்னாங்க. விட்டுட்டேன்.'

கை நின்றது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: 'கேட்டியா? இருபது வருசமா, ஒருத்தன்கூடக் கேக்கலைன்னுதான்டா நெனச்சுட்டு இருக்கேன்.'

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

'கேட்டதுக்கு ஏறி வந்து பாத்திருக்கலாம். பதினெட்டுப் படிதான்' என்றான். மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

63 மாடிக்கு லிஃப்டில் போய்ப் பார்த்தவன் நான். அந்தப் பதினெட்டுப் படி ஏறவில்லை.

2025 காணும் பொங்கல். அதே வீடு. இப்போது மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. அந்த வீட்டுப் பையனும் அவன் சிநேகிதர்களும் மேலே போனார்கள். எல்லாரும் வேலைக்குப் போகும் பிள்ளைகள். நாங்கள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. செய்ய எங்களுக்கு யோக்கியதையும் இல்லை. என் நண்பன் மட்டும் படிக்கட்டின் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஏறியவர்கள் ஒன்பது பேர் என்று முணுமுணுத்துக்கொண்டான். ஊரில் யாராவது மாடி ஏறினால் அவன் இப்படி உட்காருவது பல வருடமாக நடப்பதாம். எனக்குத்தான் தெரியாது.

பதினொரு மணிக்கு இறங்கினார்கள். எட்டுப் பேர்.

'அவன் அப்பவே போயிருப்பான் மாமா' என்றான் ஒரு பையன்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் ஏறினேன். பதினெட்டுப் படி.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்பதாவது பையன் இருந்தான். போனில், ரொம்பச் சின்னக் குரலில், யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பதறி போனை மறைத்தான்.

'பேசு பேசு. பேசிட்டு எங்கூடவே இறங்கு' என்று சொல்லிவிட்டு, மாடியிலிருந்தே கீழே குரல் கொடுத்தேன்.

'ஒன்பது... கணக்கு சரியா இருக்குடா!'