முகப்பு

குடியிருந்த நாளிலெல்லாம் செய்யாத ஒப்பனையை, விற்பதற்கென்று பதினைந்தே நாளில் ஒரு வீட்டிற்குச் செய்து முடித்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். இஃது எமக்குப் பெருமை தரும் வரலாறன்று. எனினும், கல்லூரி மலருக்குக் கட்டுரை ஒன்று தருகவென ஆசிரியர் பணித்தபோது வேறெப்பொருளும் நெஞ்சில் நில்லாமையின் இதனையே எடுத்துக்கொண்டோம்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எம் பாட்டனார் கட்டிய வீடு அது. சுண்ணாம்புக் காரைச் சுவர். பனங்கைகளின்மேல் மங்களூர் ஓடு. தெருவை நோக்கிய காவித் திண்ணை. 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று நிறுவினர். அவ்வூர்ப் பெயர் தாங்கிய ஓடு பின்னர்த் தென்னாடெங்கும் பரவியது. கொல்லையில் அடுக்கியிருந்த உபரி ஓடுகளின் அடிப்புறத்தில் அச்சிட்டிருந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டியே பாட்டனார் எமக்கு அம்மொழியின் நெடுங்கணக்கைக் கற்பித்தார். அவர் மறைந்தபின், அவரது மருத்துவத்திற்கு வாங்கிய கடன் நின்றது. தங்கைக்குச் செவிலியர் கல்லூரியில் இடமும் கிடைத்தது. வீட்டை விற்பதைத் தவிர வேறு வழி தந்தையாருக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் தரகர் ஒருவர் வந்தார். அவர் வீட்டினுள் நுழையவேயில்லை. தெருவின் எதிர்ப்புறம் நின்று சிறிது நேரம் நோக்கிவிட்டு, "வருகிறவன் இந்த இடத்தில் நிற்கும்போதே அவனுக்குப் பிடித்துப் போகவேண்டும். உள்ளே பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்" என்றார். அவர் சொல்லிய இடத்தில் நின்று யாமும் பார்த்தோம். பிறந்த நாள் முதல் ஓடியாடிய வீட்டை அன்றுதான் அயலார் கண்ணால் கண்டோம். திண்ணையின் காவி தேய்ந்திருந்தது. இரண்டு ஓடுகள் உடைந்திருந்தன. கீல் தளர்ந்த வெளிக்கதவு ஒருபுறம் சாய்ந்து நின்றது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடும் கொக்கியிலிருந்து துருநீர் வடிந்து சுவரில் நீண்ட கறை படிந்திருந்தது. நாணம் மேலிட, அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம்.

அவ்வேலையில் யாம் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கமாட்டோம். கதவின் கீலை மாற்றினோம். கொல்லையிலிருந்த ஓடுகளில் இரண்டைக் கூரையேற்றினோம். வாயிலை அடைத்துக்கொண்டிருந்த காகிதப்பூக் கொடியை வெட்டி ஒழுங்கு செய்தோம். பழைய வண்ணத் தகரங்களில் நின்ற குரோட்டன் செடிகளைத் தொட்டிகளுக்கு மாற்றித் திண்ணையோரம் நிரலே வைத்தோம். முதிய கொத்தனார் ஒருவர் வெள்ளையடிக்க வந்தார். அவரிடம் சிற்றாளாய் நின்று பலவற்றைக் கற்றோம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டுச் சுடும்போது அதிலுள்ள கரியமிலவாயு நீங்குகின்றது. சுட்டதை நீரிலிட்டால் கொதித்து நீறுகின்றது. அதனைக் கரைத்து, துணியில் வடித்து, சிறிது நீலமும் பசையும் கூட்டி, நனைத்த சுவரில் மெல்லியதாய்ப் பூசவேண்டும். பூசியபோது மங்கலாயிருப்பது உலர உலர வெளுக்கின்றது. இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் வாங்கி, நாளடைவில் கல்லாகவே திரும்புகின்றது. இவ்வேதியியலைக் கொத்தனார் படித்தவரல்லர். "சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், தம்பி" என்ற ஒரு தொடரில் அவர் வேறொன்றையும் அடக்கிவிட்டார். சுவரினுள் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும் என்பதே அவர் கருத்து.

மேற்குச் சுவரில்தான் இடர் வந்தது. அடுக்களைக் கழிவுநீர் நெடுங்காலம் அங்கே தேங்கியமையால் அடித்தள மண் இளகி, சுவரின் கீழ்ப்பகுதியில் உவர் பொரிந்து, அதற்குமேல் விரல் நுழையுமளவு வெடிப்பொன்று சாய்வாக ஓடியிருந்தது. காகிதப்பூவை வெட்டியதும் அது வெளிப்பட்டுவிட்டது. "சிமிட்டியை வைத்து அடைத்து, மேலே இரண்டு கோட்டு வண்ணம் அடித்துவிடுங்கள்" என்றார் தரகர். கொத்தனார் உடன்படவில்லை. "காரைச் சுவருக்குச் சிமிட்டி ஆகாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். முதலில் நீரைத் திருப்பி, அடியைப் பலப்படுத்தி, பிறகு காரையால் பூசவேண்டும்" என்றார். அதற்கு ஒரு திங்களாகும். தரகரோ நான்கு நாளில் ஆள் வருமென்றார். கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் யாமே சிமிட்டி குழைத்து வெடிப்பை அடைத்தோம். அது காய்ந்ததும் வண்ணம் பூசினோம். தெருவினின்று பார்க்க, அச்சுவரே ஏனைய மூன்றினும் அழகாயிருந்தது.

தமிழ் பயிலும் எமக்கு அன்றிரவு ஒரு சொல் உறக்கத்தைக் கெடுத்தது. புனைதல் என்பதற்கு அழகுசெய்தல் என்பது பொருள். இல்லாததைக் கட்டிச் சொல்லுதல் என்பதும் பொருள். ஓட்டை மாற்றியதும் கறையைப் போக்கியதும் முதற்பொருளின்பாற்படும். மேற்குச் சுவரில் செய்தது எதன்பாற்படும்? விடை தெரிந்தே இருந்தும் புரண்டு படுத்தோம்.

குறித்த நாளில், பேருந்து ஓட்டுநர் ஒருவர் மனைவியோடும் சிறு பெண்குழந்தையோடும் வந்தார். தரகர் சொன்னவாறே தெருவில் நின்றபோதே அவர் முகம் மலர்ந்தது. சுற்றிப் பார்த்து மேற்குப்புறம் வந்தவர், எம் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவி, "நன்றாகப் பேணியிருக்கிறீர்கள்" என்றார். தந்தையார் நிலத்தை நோக்கினார். யாம் வாய்திறக்கவில்லை. குழந்தை அச்சுவரடியில் குந்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

அதுவரை திண்ணையில் பேசாதிருந்த எம் ஆச்சி எழுந்து வந்தார். விற்பனைக்கு ஒருநாளும் மனமொப்பாதவர் அவர். "தம்பி, அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெடிப்பு இருக்கிறது. என் பேரன்தான் போன கிழமை அடைத்தான்" என்றார். தரகர் முகம் கறுத்தது. ஓட்டுநர் தட்டிப் பார்த்தார், எம்மையும் பார்த்தார். அப்பார்வையை இன்னும் மறந்தோமில்லை.

ஆச்சி விற்பனையைக் கெடுக்கவே அவ்வாறு கூறினார் என ஒருகணம் எண்ணினோம். அன்று மாலை அவரிடம் கேட்டும்விட்டோம். "அந்தப் பிள்ளை அங்கேதானே உட்கார்ந்து விளையாடும்?" என்பதே அவர் விடை.

ஓட்டுநர் இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். பதினான்கு இலட்சம் கேட்ட இடத்தில் ரூ. 60,000 குறைத்துக்கொள்ள வேண்டினார், தந்தையார் இசைந்தார். அத்தொகை தங்கையின் ஓராண்டுக் கட்டணத்திற்கு ஏறத்தாழ ஒப்பாகும். அதனை ஈடுசெய்யத் தந்தையார் மீண்டும் கடன் வாங்கினார். தங்கை எம்மிடம் ஒன்றும் கூறவில்லை. யாமும் கேட்கத் துணியவில்லை.

பின்னர், வழக்கறிஞரான எம் மாமா, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். விற்போன் அறிந்து, வாங்குவோன் அறியாததாய், இயல்பான கவனத்தோடு பார்த்தாலும் அவனுக்குப் புலப்படாததாயுள்ள பெருங்குறையை விற்போன் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன் என்பது அதன் கருத்து. வெடிப்பு வெளியே தெரிந்தவரை வாங்குவோர் தாமே கண்டுகொள்ளக்கூடும். அதனைப் புலப்படாததாக்கியவர் யாமே. ஆதலின், சிமிட்டி பூசியதனால் எம் கடமை மறைந்துவிடவில்லை, அன்றுதான் பிறந்தது. ஆச்சி சட்டம் பயின்றவரல்லர்.

வீட்டின் வெளிப்புறத்தைச் செப்பஞ்செய்து விற்பது தவறென்று யாம் கூறவில்லை. கறை துடைத்த சுவரும் நேராக நிற்கும் கதவும் வருவோருக்கு யாம் செய்யும் மரியாதையே. பழுதைத் திருத்தும் பூச்சும் பழுதை மறைக்கும் பூச்சும் தெருவினின்று நோக்குவார்க்கு ஒரே நிறமாய்த் தோன்றும். பூசினவன் அறிவான்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வரும் பேருந்து அவ்வீட்டைக் கடந்தே வருகின்றது. புதியவர் எம் சிமிட்டியைச் சுரண்டியெடுத்து, கழிவுநீருக்கு வாய்க்கால் வெட்டி, காரையால் பூசி வெள்ளையடித்திருக்கிறார். அவ்விடம் மட்டும் நிறத்தில் இன்னும் சற்று வேறாகவே தெரிகின்றது. அது தெரிவது எமக்கு ஆறுதலாயிருக்கின்றது.