வாய்க்கு ஒன்றுமில்லாத 12 நாட்கள்

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்காலில் இரத்தம் கசிந்தால் வீடே பதறுகிறது. கைப்பிடி வயிற்றில் குத்திக் காசளவு தடம் மட்டும் தெரிந்தால், எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடுகிறோம். என் தங்கையின் 9 வயது மகனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. மறுநாள் ஓடி விளையாடினான். மூன்றாம் நாள் குடித்த கஞ்சியைக் கக்கினான். பிறகு பச்சைப் பித்தமாகவே வந்துகொண்டிருந்தது.

நகரத்து மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர், தாளில் படம் வரைந்து விளக்கினார். இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல், முதுகெலும்புக்கு முன்னே அசைய இடமின்றிப் பதிந்திருக்கிறது. கைப்பிடிக்கும் எலும்புக்கும் நடுவே அது நசுங்கியதால், குடற்சுவரின் அடுக்குகளுக்கிடையே இரத்தம் கட்டி, மெல்ல மெல்ல வீங்கி, வழியை அடைத்துவிட்டது. வாந்தி தாமதித்து வந்ததன் காரணம் அதுவே.

"ஆபரேஷன் எப்போது?" என்றார் மச்சான்.

"இப்போது வேண்டாம். குடலில் ஓட்டை இல்லை. இரத்தக்கட்டு தானே கரையும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும்."

மச்சானின் முகம் சுருங்கிற்று. கத்தி எடுக்காத வைத்தியத்தை வைத்தியமென்று ஏற்க நம் மனம் எளிதில் இசைவதில்லை. ஆனால் அது சும்மா இருத்தல் அன்று. மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தித் தேங்கிய பித்தநீரை வெளியேற்றினார்கள். உப்புநீரும் பின்னர் சத்துத் திரவமும் ஊசி வழியே ஏறின. சில மணிக்கொருமுறை நாடியையும் காய்ச்சலையும் வயிற்றின் இறுக்கத்தையும் பார்த்தார்கள். கணையம் அடிபட்டிருக்குமோ என்று இரத்தத்தைச் சோதித்தார்கள். குடல் கிழிந்த அறிகுறி தென்பட்டாலோ, வாரங்கள் கடந்தும் வழி திறக்காவிட்டாலோ அறுவைதான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் மாத்திரை உண்போருக்கு அடிபடாமலேயே இவ்விதம் இரத்தம் கட்டுவதுண்டென்று அங்கே அறிந்தேன். அவர்களுக்கும் பெரும்பாலும் மருந்தை நிறுத்தி, இரத்தம் உறையும் தன்மையைச் சீர்செய்து காத்திருப்பதே வழி. (நிறுத்துவது மருத்துவர் முடிவு, தாமாக நிறுத்துவது பேராபத்து.)

தங்கைக்குத்தான் பெரும் சோதனை. "ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதா, காக்கா?" என்பாள். பக்கத்துக் கட்டிலுக்கு இடியாப்பம் வந்தால் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். உறவினர் ஒருவர் கொணர்ந்த ஜம்ஜம் நீரால் உதட்டை நனைக்க மட்டுமே செவிலி இசைந்தார். காலைதோறும் குழாய்ப் பையின் அளவைப் படிப்பதே எங்கள் வேலையாயிற்று. தொடக்கத்தில் 600 மில்லி. எட்டாம் நாள் 250. பத்தாம் நாள் 80.

12ஆம் நாள் ஸ்கேனில் வழி திறந்திருந்தது. குழாயை எடுத்தபின் தேக்கரண்டியில் தண்ணீர், மறுநாள் கஞ்சித் தெளிவு. அதற்கடுத்த நாள், அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இடியாப்பம் கேட்டான்.