ஒழுங்கின் மயக்கம்: போர்ஹெஸின் 'புனைவுகள்'

விசித்திரக் கதைகள் வாழ்க்கையினின்றும் தப்பியோடுவோரின் புகலிடம் என்று கருதும் மனப்பாங்கு இலக்கிய உலகில் நெடுங்காலமாக நிலவிவருவதொன்றாகும். இல்லாத நாடுகளும் நடவாத சம்பவங்களும் சமூகத்தின் மெய்யான பிரச்சினைகளை மறைக்கும் திரைகளே என்பது இக்கருத்துடையோர் வாதம். இவ்வாதத்தின் வலுவையும் வரம்பையும் ஒருங்கே சோதித்தறிவதற்கு மிகப் பொருத்தமான நூல், ஆர்ஜென்டீனிய எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1944இல் வெளியிட்ட 'புனைவுகள்' என்னும் தொகுதியாகும். 1941ஆம் ஆண்டைத் தாங்கிவந்த 'கிளைபிரியும் பாதைகளின் தோட்டம்' என்ற சிறுநூலின் எட்டுக் கதைகளும் புதிய ஆறு கதைகளும் சேர்ந்து இத்தொகுதி உருவாயிற்று. 1956இல் மேலும் மூன்று கதைகள் இணைக்கப்பட்டன.

இக்கதைகளை எழுதிய காலத்தில் போர்ஹெஸ், புவனஸ் அயர்ஸ் நகரின் ஒதுக்குப்புறத்திலிருந்த மாநகரசபை நூலகமொன்றில் சிறு பதவி வகித்தார். அன்றாட வேலையை ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் முடித்துவிட்டு, எஞ்சிய பொழுதை நிலவறையில் வாசிப்பதிலும் எழுதுவதிலும் கழித்தார். உடன் வேலைசெய்த ஒருவர் கலைக்களஞ்சியமொன்றில் போர்ஹெஸ் என்ற பெயரையும் பிறந்த திகதியையும் கண்டு, இரண்டும் தம் சகாவினுடையவற்றோடு ஒத்திருப்பதை எண்ணி வியந்தாராம். அவரே இவர் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

1938ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய நாள், படிகளில் விரைந்து ஏறிய போர்ஹெஸின் தலை திறந்திருந்த யன்னலில் மோதியது. காயத்தில் நஞ்சேறி, சில வாரங்கள் அவர் உயிருக்குப் போராடினார். பிழைத்தெழுந்த பின்னர் வேறோர் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. புத்தி பழுதுறாதிருக்கிறதா, இனி எழுத இயலுமா என்பதே அது. பழகிய கட்டுரையையோ கவிதையையோ எழுத முயன்று தோற்றால் எல்லாம் முடிந்துவிட்டதென்பது உறுதியாகிவிடும். அதிகம் பழகாத சிறுகதையில் தோற்றால் அவ்வளவு வலிக்காது. இவ்வாறு எண்ணி அவர் எழுதியதே 1939இல் வெளிவந்த 'பியர் மெனார்'. செர்வாந்தேஸின் 'டொன் கிஹோத்தே'யைப் பார்த்தெழுதாமல், சொல்லுக்குச் சொல் தாமே மீண்டும் படைக்க முற்பட்ட கற்பனை எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய விமரிசனக் குறிப்பாக அக்கதை அமைந்துள்ளது.

கதையையும் கட்டுரையையும் பிரிக்கும் வேலியை அகற்றியமையே இத்தொகுதியின் முதற் சிறப்பு எனலாம். 'அல்முத்தாஸிமை நோக்கிய அணுகல்' என்பது, பம்பாய் வழக்கறிஞர் ஒருவர் எழுதியதாகக் கூறப்படும் நாவலுக்கான மதிப்புரை. அப்படியொரு நாவல் எழுதப்படவேயில்லை. மதிப்புரையை நம்பிய நண்பரொருவர் லண்டனிலிருந்து அந்நூலைத் தருவிக்க முயன்றார். 'பாபேல் நூலகம்' முடிவற்ற அறுகோண அறைகளைக் கொண்ட பிரபஞ்சமொன்றைச் சித்திரிக்கிறது. அங்குள்ள ஒவ்வொரு நூலுக்கும் 410 பக்கங்கள், பக்கத்துக்கு 40 வரிகள். எழுத்துக்களின் எல்லாச் சேர்க்கைகளும் அந்நூல்களில் அடங்கியிருப்பதால், உண்மை முழுவதும் அங்கே உண்டு. ஆனால் அதைக் கண்டெடுக்கும் வழிதான் இல்லை. நூலக ஊழியர் ஒருவரின் அன்றாடச் சலிப்பு இங்கே பிரபஞ்ச சோகமாக விரிந்துவிடுகிறது.

இத்தகைய எழுத்து உடனடியாக வரவேற்புப் பெற்றதன்று. 1942இல் தேசிய இலக்கியப் பரிசுக்கான தெரிவில் 'கிளைபிரியும் பாதைகளின் தோட்டம்' புறக்கணிக்கப்பட்டது. அதனைக் கண்டித்து 'சூர்' சஞ்சிகை போர்ஹெஸைப் பாராட்டும் இதழொன்றை வெளியிட்டது. மண்ணின் வாழ்வோடு ஒட்டாத எழுத்து, அறிவு விளையாட்டு என்னும் குற்றச்சாட்டுகள் அதன் பின்னரும் அவரைத் தொடர்ந்தன.

எனினும் 1940இல் வெளிவந்த 'ட்லோன்' கதையை நிதானமாக வாசிப்போர் இக்குற்றச்சாட்டை மறுபரிசீலனை செய்யவேண்டியவராவர். இரகசியக் குழுவொன்று தலைமுறை தலைமுறையாக உழைத்து, இல்லாத கிரகமொன்றுக்கு மொழியும் தத்துவமும் வரலாறும் கற்பித்துக் கலைக்களஞ்சியம் எழுதுகிறது. பின்னர் அக்கிரகத்தின் பொருள்கள் மெய்யுலகிற் காணப்படத் தொடங்குகின்றன. மனிதர்கள் சொந்த வரலாற்றைக் கைவிட்டு, அந்தக் கற்பித உலகின் முன் மகிழ்ச்சியோடு பணிகின்றனர். பூரண ஒழுங்கு அதில் இருப்பதே அதற்குக் காரணம். யூத எதிர்ப்பும் நாஜிசமும் மட்டுமன்றி, இயங்கியல் பொருள்முதல்வாதமும் இவ்வாறே மக்களை மயக்கியதாகக் கதைசொல்லி பெயர் சுட்டியே கூறுகிறார். இக்கடைசி ஒப்பீட்டை ஏற்காத வாசகர் பலர் இருக்கக்கூடும். ஆயினும் ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த வேளையில் எழுதப்பட்ட இக்கதையை எவ்வாறு தப்பியோடல் என்பது?

'மரணமும் திசைகாட்டியும்' என்ற துப்பறியும் கதையிலும் இதே ஐயம் வேறுருக் கொள்கிறது. முதற் கொலை ஒரு திருடனின் தவறால் நேர்ந்ததென்னும் எளிய விளக்கம் துப்பறிவாளர் லோன்ரோட்டுக்கு உவப்பாக இல்லை. கொலைகளுக்கிடையே அழகிய கேத்திரகணித ஒழுங்கொன்றை அவர் காண்கிறார். அவ்வொழுங்கு அவருக்காகவே எதிரி விரித்த வலை. அது சுட்டிய நான்காம் இடத்தில் அவரே கொல்லப்படுகிறார். எளிய விளக்கமே சரியானது. அழகான விளக்கம் உயிரைப் பறித்தது.

இத்துணைத் தெளிவாக ஒழுங்கின் மயக்கத்தை உணர்ந்திருந்தவர் தாமே அதற்கு இரையானார் என்பதே போர்ஹெஸின் வாழ்வில் மிகவும் கசப்பான பகுதி. 1976 மார்ச்சில் ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவர் அதனை வரவேற்றார். ஆட்சித் தலைவர் விடேலாவுடன் விருந்துண்டார். அதே ஆண்டில் சிலிக்குச் சென்று கௌரவப் பட்டம் பெற்று, சர்வாதிகாரி பினோசேயைப் புகழ்ந்தார். அக்காலத்திலேதான் ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலும் வீதிகளிலுமிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். பார்வையிழந்த முதியவர் என்பது இதற்குச் சமாதானமாகாது. கொலைகாரரின் வாயில் 'ஒழுங்கு' என்னும் சொல் எத்தகைய பொருள் பெறும் என்பதை அவருடைய கதைகள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தன.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1980இல், காணாமலாக்கப்பட்டோரின் நிலையை வெளிப்படுத்துமாறு கோரிய பகிரங்க விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார். 1985 ஜூலை 22ஆம் திகதி, இராணுவத் தலைவர்கள் மீதான வழக்கு நடந்த நீதிமன்றத்துக்குச் சென்று, சித்திரவதைக்குள்ளான ஒருவரின் சாட்சியத்தை நேரிற் கேட்டு, அதுபற்றி எழுதினார். அடுத்த ஆண்டு ஜெனீவாவில் காலமானார்.

எழுத்தாளரின் அரசியலைக் காட்டிக் கதைகளை ஒதுக்குவதும், கதைகளின் மேன்மையைக் காட்டி அரசியலை மறைப்பதும் எளிது. இரண்டுமே நேர்மையான வாசிப்பாகா. 'புனைவுகள்' தன் ஆசிரியரையே குற்றக்கூண்டில் ஏற்றும் வல்லமை கொண்ட நூல், அவரினும் விழிப்பானது. 'ட்லோன்' கதையின் முடிவில், உலகம் மாறிக்கொண்டிருக்கையில், கதைசொல்லி ஒரு ஹோட்டலில் அமர்ந்து, அச்சிடும் எண்ணமில்லாத மொழிபெயர்ப்பொன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அது எதிர்ப்பா, ஒதுங்கலா என்பதை நூல் தீர்த்துவைக்கவில்லை. வாசிப்பையே தொழிலாகக் கொண்டோர் ஒவ்வொருவரும் தத்தம் காலத்தில் விடையளிக்கவேண்டிய வினாவாக அது இன்றும் நிற்கிறது.