இன்னொருவர் உடம்புக்கு வைத்த வண்டி

முதல் நாள் இரவு ஒரு கிண்ணம் சூப் குடிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. த்ராட்டிலை அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. தோள் இரண்டும் காது வரை ஏறிப்போய், இறங்க மாட்டேன் என்றன. "முதல் தடவைன்னா அப்படித்தான் அண்ணா, பழகிடும்" என்றான் தம்பி. சித்தி மகன், கல்கரியிலிருந்து 400 கிலோமீட்டர் காரோட்டி என்னை ரெவெல்ஸ்டோக்குக்குக் கூட்டிவந்தவன். அவனிடம் இரண்டு ஸ்லெட் உண்டு (ஸ்னோமொபைல் என்று இங்கே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கேட்கவில்லை). புதியது அவனுக்கு, போன வருடம் ஒருவரிடம் வாங்கிய பழையது எனக்கு.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்கு நடுவே, கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் ரெவெல்ஸ்டோக். 1971-72 குளிர்காலத்தில் பக்கத்து கோப்லண்ட் மலையில் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. ஒரு பருவத்தில் கொட்டிய பனிக்கு கனடாவில் இன்றும் அதுதான் உச்சம். இந்த ஆழத்தில் ஓட்டவென்று செய்த வண்டி இது: 850 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அடியில் 165 அங்குலச் சுற்றளவுள்ள ரப்பர் ட்ராக், அதில் மூன்று அங்குல உயரத்துக்குப் பற்கள், முன்னால் இரண்டு ஸ்கீ. எடை இருநூறு கிலோவுக்குக் குறையாது. அதை அன்று முழுக்க என் 62 கிலோ உடம்போடு மல்லுக்கட்டித் திருப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை பட்டறையில் மெக்கானிக் முதலில் என்னைத்தான் பார்த்தார், வண்டியை அப்புறம்தான். எடை கேட்டார், உயரம் கேட்டார். பிறகு, "இதற்கு முன் யார் ஓட்டினார்?"

"ஆறடிக்கு மேல இருப்பார். நூறு கிலோ தேறும்" என்றான் தம்பி.

"அப்போது இது இன்னும் அவர் வண்டிதான்" என்று சொல்லிவிட்டு ஆலன் கீயை எடுத்தார்.

என்னை வண்டியின் இருபக்கப் பலகைகளில் ஏறி நிற்கச் சொன்னார். மலையில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் குறைவு, நின்றபடிதான் பிழைப்பு. "கண்ணை மூடுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை இயல்பாக முன்னால் நீட்டுங்கள்." நீட்டினேன். கண்ணைத் திறந்தால், கை நின்ற இடம் ஒன்று, ஹேண்டில்பார் இருந்த இடம் வேறு. நாலு விரற்கடை மேலே இருந்தது. நாள் முழுக்க எட்டாத கொடியில் துணி காயப்போட்டவன் மாதிரி ஓட்டியிருக்கிறேன். ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடிக்கும் ரைசர் என்ற அலுமினியத் துண்டைக் கழற்றிக் குட்டையான ஒன்றை மாட்டினார். பார் என் பக்கமாகச் சாய்ந்திருந்ததையும் நிமிர்த்தி, ஸ்டியரிங் தண்டின் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னால் சாய்ந்திருந்தால் முழுக்க ஒடிக்கும்போது கைப்பிடி மணிக்கட்டை முறுக்கிவிடுமாம். பிரேக், த்ராட்டில் பிடிகளை, நின்றால் மணிக்கட்டு மடங்காத கோணத்துக்குத் திருப்பினார். மொத்தம் இருபது நிமிடம்; செலவு அந்த ரைசர் மட்டும். விலை கூடிய புது ஹேண்டில்பார் வாங்கலாமா என்று முந்தின இரவுதான் தம்பி போனில் தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்து முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, ஸ்கீயைக் கையால் ஆட்டிப் பார்த்தார். கிறீச்சென்றது. ஸ்கீ திரும்பும் அச்சில் பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகியிருந்தது. புது கிரீஸை உள்ளே அடிக்க அடிக்க, பழையது கறுப்புப் புழுவாக நெளிந்து வெளியே வந்தது. பிறகு இரண்டு ஸ்கீ நுனிகளையும் எலாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டினார், இணைப்புகளில் உள்ள ஆட்டம் அளவைக் குழப்பாமல் இருக்க. ட்ராக்கை ஒட்டி நீளமான இரும்புச் சட்டத்தை வைத்து, ஸ்கீயின் முன்னும் பின்னும் டேப்பால் அளந்தார். பின்னால் இருப்பதைவிட முன்னால் சில மில்லிமீட்டர் அகன்றிருக்க வேண்டும். என் வண்டியில் இடது ஸ்கீ உள்நோக்கி இருந்தது. எந்தக் கட்டையில் மோதிய வினையோ! நேற்று கெட்டிப் பாதையில் வண்டி இடமும் வலமும் அலைபாய்ந்ததற்கு நான் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங் விஷயம்தான் இதில் நுணுக்கம். பின்பக்க ஸ்பிரிங் நூறு கிலோவுக்கு இறுக்கியிருந்தது. நான் ஏறி நின்றால் பின்பக்கம் அமுங்கவே இல்லை. பாரமெல்லாம் முன்னே சரிந்து ஸ்கீயை அழுத்துகிறது. ஸ்கீ அழுந்தினால் ஸ்டியரிங் கனக்கும். பின்னால் தளர்த்தினார். முன் ஷாக்கின் ஸ்பிரிங்கையும் நாலு சுற்று தளர்த்தினார். அது இறுக்கமாக இருந்தால் வண்டி தட்டையாகவே நிற்கப் பார்க்கும், பக்கவாட்டில் சாய மறுக்கும். கடைசியாக வண்டிக்கடியில் கையை விட்டு, சஸ்பென்ஷனின் முன்கை எவ்வளவு கீழிறங்கலாம் என்று கட்டிப்போடும் பட்டையைத் தொட்டுக் காட்டினார். இடுப்பு பெல்ட் மாதிரி அதில் ஓட்டைகள். ஒரு ஓட்டை நீளவிட்டார். "ஸ்கீ இன்னும் லேசாகும். ஆனால் இதில் பேராசை கூடாது. செங்குத்தில் ஏறும்போது மூக்கு தூக்கும். தூக்கினால் ஒரு ஓட்டை இழுத்துக்கொள்ளுங்கள்."

மதியம் போல்டர் மலைக்குப் போனோம். பனிச்சரிவில் புதைந்தால் இடம் காட்டும் கருவியை மார்பில் கட்டியிருக்கிறோமா, அது வேலை செய்கிறதா என்று தம்பி இரண்டு தரம் சோதித்தான். அந்த விஷயத்தில் அவன் விளையாட மாட்டான்.

மேலே தூள்பனி. இடப்பக்கம் சாய வேண்டுமானால் ஹேண்டில்பாரை ஒரு நொடி வலப்பக்கம் வெட்ட வேண்டும், கூடவே இடது பலகையில் பாரத்தை இறக்க வேண்டும். நேற்று இதைச் செய்ய முக்கி முனகி, வண்டி அசையாமல் நான் மட்டும் சாய்ந்து விழுந்தேன். இன்று பாதத்தை மாற்றி வைத்ததும் வலது ஸ்கீ காற்றில் எழுந்தது. ஒற்றை ஸ்கீயில் சரிவின் குறுக்கே வண்டி வழுக்கிக்கொண்டு போக, நான் சும்மா நின்றேன். கையில் வேலையே இல்லை. ஒரு செங்குத்தில் மட்டும் அவர் சொன்னபடியே மூக்கு தூக்கியது. வயிறு கலங்கிப்போய் த்ராட்டிலை விட்டேன். பட்டையை இழுத்து ஒரு ஓட்டை பழையபடி வைத்தோம். ஸ்டியரிங் சற்றே கனத்தது, ஏற்றம் சரியானது.

திரும்பும் வழியில் தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. "குடுங்கண்ணா, ஒரு ரவுண்டு பாக்கறேன்." கனமான ஆள், தொண்ணூறைத் தாண்டுவான். ஏறி த்ராட்டிலை அழுத்தியதும் பின்பக்கம் உட்கார்ந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது, ட்ராக் தன் பள்ளத்தைத் தானே தோண்டிக்கொண்டு இறங்கியது. இடுப்பளவு குழி. மண்வெட்டியை நான்தான் முதலில் எடுத்தேன். தோள் அவ்வளவு தெம்பாக இருந்தது.