கையெழுத்துக்கு முன்னால் மெயினை ஆஃப் பண்ணுங்க

சென்னையில் அப்பா அம்மா ஃப்ளாட்டில் இருக்கிறார்கள் என்றால், என்றாவது ஒருநாள் உங்களுக்கும் அந்த போன் வரும். "பில்டர் எல்லாத்தையும் அசோசியேஷன்கிட்ட ஒப்படைக்கப் போறாங்களாம். கமிட்டியில என்னையும் போட்டுட்டாங்கம்மா."

எனக்குப் போன வருடம் வந்தது. அப்பாவுக்கு 71 வயது. லண்டனில் 32 வருடம் கணக்கு எழுதிவிட்டு, ஓய்வுபெற்றதும் அம்மாவோடு ஊர் திரும்பியவர். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், 2 பிளாக், 14 மாடி, 168 வீடு. கமிட்டியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தமிழாசிரியை, இரண்டு ஐடி பையன்கள் என்று நல்ல மனிதர்கள்தான். ஆனால் பம்ப் ரூமுக்குள் கால் வைத்தவர் ஒருவரும் இல்லை. எனக்கோ தொழிலே இதுதான். கட்டி முடித்த பள்ளிக்கூடம், மருத்துவமனைகளில் தண்ணீரும் மின்சாரமும் காற்றோட்டமும் சொன்னபடி ஓடுகின்றனவா என்று பார்ப்பது. மே கடைசியில் அரைத்தவணை விடுமுறை வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பில்டர் அனுப்பிய பட்டியல் இரண்டு பக்கம். லிஃப்ட் 4, ஜெனரேட்டர் 2, தீயணைப்பு பம்ப் 3, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் 1, எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரு டிக். கூடவே ஒரு வரி: மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களை எடுத்துவிடுவோம்.

கமிட்டியும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணத்தான் கிளம்பியது. நாலு லிஃப்ட் இருக்கா? இருக்கு. எண்ணுவதால் ஒன்றும் தெரியாது. வராண்டாவில் பல்பு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்கே குரூப்பில் 40 மெசேஜ் வந்துவிடும். அதற்கு இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம். கெட்ட நாளில் மட்டும் வேலை செய்யவேண்டிய சாமான்கள் சில இருக்கின்றன. ஜெனரேட்டர், லிஃப்டின் அவசர பேட்டரி, தீயணைப்பு பம்ப். அவை கெட்டுப்போனால் கெட்ட நாள் வரும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் அந்த நாளை நாமே உண்டாக்கிப் பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மெயினை ஆஃப் பண்ணினோம். முந்தின நாளே எல்லா வீட்டுக்கும் சொல்லி, யாரும் லிஃப்ட்டில் ஏறவேண்டாம் என்று காவலரை நிறுத்தியாயிற்று. 11 வயது மகள் கையில் ஸ்டாப்வாட்ச். ஜெனரேட்டர் 18 விநாடியில் வந்துவிட்டது. கமிட்டிக்கு ஒரே சந்தோஷம், காபி குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

நான் விடவில்லை. இந்தமுறை ஜெனரேட்டரையும் ஆஃபில் போடச் சொன்னேன். கரண்ட் போனால் லிஃப்ட்டில் ஏஆர்டி என்ற ஒரு பேட்டரி ஏற்பாடு கூண்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும். ஜெனரேட்டர் உடனே வந்துவிட்டால் அந்த பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாது. டீசல் தீர்ந்த நாளில்தான் தெரியும். ஏ பிளாக்கில் இரண்டும் ஒழுங்காக வந்தன. பி பிளாக் லிஃப்ட்டில் டெக்னீஷியனும் நானும் ஏறினோம். 6க்கும் 7க்கும் நடுவில் நின்றது. நின்றது நின்றதுதான். இருட்டு. உள்ளே இருந்த அலாரம் பட்டனை அழுத்தினேன். அதற்கும் அதே பேட்டரியாம், சத்தமே இல்லை. போன் பண்ணி மெயினைப் போடச் சொல்லி வெளியே வந்தோம்.

அப்பா ஏழாவது மாடி வரைக்கும் படியேறி வந்து நின்றிருந்தார். மூச்சு வாங்குகிறது. "இதுலதான்மா உங்கம்மா தினமும் கோயிலுக்குப் போயிட்டு வர்றா" என்றார். அவர்கள் வீடு பி பிளாக், 11வது மாடி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனது.

அதன்பிறகு கமிட்டியில் யாரும் டிக்கை நம்பவில்லை.

பம்ப் ரூம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். உயரமான கட்டடத்தில் தீயணைப்புக் குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்கவேண்டும். சின்னக் கசிவுகளை ஈடுகட்ட ஜாக்கி என்ற குட்டி பம்ப் அவ்வப்போது ஓடும். யாராவது ஹோஸைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், பெரிய மின்சார பம்ப் தானாக ஓடவேண்டும். மின்சாரமும் இல்லை என்றால் டீசல் பம்ப். மொட்டை மாடியில் ஹைட்ரண்டைத் திறந்தோம். ஜாக்கி ஓடியது. பெரியது அசையவில்லை. கீழே போய்ப் பார்த்தால் பேனலில் சுவிட்ச் மேனுவலில் இருக்கிறது.

"ஆட்டோல வெச்சா சும்மா சும்மா ஓடுது மேடம். அதான் மேனுவல்ல போட்டுட்டோம்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி 2 மணிக்கு பம்ப் அலறினால் திட்டு வாங்குவது அவர்தான். ஆனால் சும்மா சும்மா ஏன் ஓடுகிறது? தண்ணீர் எங்கேயோ போகிறது, ஜாக்கியால் ஈடுகட்ட முடியவில்லை. அந்த ஒரு சுவிட்ச் மண்ணுக்கடியில் குழாய் உடைந்திருப்பதைச் சொல்லிவிட்டது. டீசல் பம்ப் டக் டக் என்றதோடு சரி, பேட்டரி காலி. மொட்டை மாடியில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பம்பே ஓடாத இடத்தில் அளவுகோலுக்கு என்ன வேலை!

அந்த டெக்னீஷியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அரைநாள் கூடவே நடந்தேன். எந்த வால்வு எந்த வரிசை வீட்டுக்கு, எந்த பிரேக்கர் எதற்கு என்று அவர் சொல்லச் சொல்ல மகள் போனில் வீடியோ எடுத்தாள். அவர் பில்டரின் கான்ட்ராக்டர் ஆள். ஒப்படைத்த மறுநாள் வேறு சைட்டுக்குப் போய்விடலாம். கட்டியபடியே வரைந்த வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை அசோசியேஷனின் உரிமையாக வைத்திருக்கிறது. இருந்தாலும் வரைபடத்தைவிட அந்த வீடியோதான் இதுவரை அதிகம் உதவியிருக்கிறது.

மற்றவை வேகமாக முடிந்தன. கழிவுநீர்த் தொட்டியில் காற்றூதும் இடத்திலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரைமணி வைத்தால் சகதி கீழே படிந்து மேலே தெளியவேண்டும், தெளிந்தது. 14 மாடி உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால் கீழ்வீட்டுக் குழாயில் 4 கிலோவுக்கு மேல் அழுத்தம், வாஷிங் மெஷின் ஹோஸ் பிய்த்துக்கொள்ளும்; அதைக் குறைக்கும் வால்வுகளில் இரண்டு வேலை செய்யவில்லை. எர்த் குழிகளைப் பார்க்க மே மாதம் நல்ல காலம், மண் காய்ந்து கிடக்கும்போது தேறினால் எப்போதும் தேறும். பேஸ்மென்ட் சுவருக்கோ மே மாதம் ஒன்றும் சொல்லாது. 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில், ஐப்பசி மழை பெய்யாமல் பேஸ்மென்ட்டுக்கு யாராவது டிக் போடுவார்களா? பட்டியலில் 'மழைக்குப் பிறகு' என்று தனிப் பத்தி போடச் சொன்னேன்.

மொத்தம் 23 குறை. அன்று மாலை கூட்டத்தில்தான் நிஜமான சண்டை. "நீங்க நாலு நாள்ல ஏறிப் போயிடுவீங்க. செக்யூரிட்டி போயிட்டா ராத்திரி யாருங்க பார்ப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தனியாக இருப்பவர், மகன் டல்லாஸில். அவர் பயம் நியாயமானது. பில்டரும் அந்தப் பயத்தைத்தான் நம்பியிருந்தார்.

வங்கி மேலாளர் சார்தான் வழி சொன்னார். "ரெண்டையும் ஏன் சார் ஒரே பேப்பர்ல போடணும்?" 1ஆம் தேதியிலிருந்து செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் சம்பளத்தை அசோசியேஷன் ஏற்கும், இயந்திரங்களுக்குத் தனித்தாள், 23 குறையும் அதோடு இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. மிரட்டலுக்கு இருந்த பிடி போய்விட்டது. சட்டத்தின் 14ஆம் பிரிவையும் கடிதத்தில் சேர்த்தோம். கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ சேவைகளிலோ குறை இருந்தால் 5 வருடம் வரை பில்டரே செலவில்லாமல் 30 நாளுக்குள் சரிசெய்யவேண்டும். அந்த 5 வருடம் வீட்டுச் சாவி கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. எங்களுக்கு ஏற்கெனவே 3 வருடம் போயிருந்தது. அசோசியேஷன் பொறுப்பேற்கும் நாளிலிருந்துதான் கணக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோராலும் டிக்கெட் போட்டுப் போகமுடியாது. போகாமலும் மூன்று வீடியோ கேட்கலாம்: கரண்டும் ஜெனரேட்டரும் இல்லாதபோது லிஃப்ட் வந்து கதவு திறப்பது, பம்ப் பேனலில் சுவிட்ச் இருக்கும் நிலை, மாடி ஹைட்ரண்டில் தண்ணீர் வரும்போது பெரிய பம்ப் தானாகக் கிளம்புவது. அனுப்பமுடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

லிஃப்ட் பேட்டரிகள் இரண்டு வாரத்தில் மாறின. குழாய் உடைப்பு கார் நிறுத்தும் இடத்துக்கடியில் இருந்தது, தோண்டிச் சரிசெய்ய ஆகஸ்ட் ஆகிவிட்டது. நவம்பரில் முதல் பெருமழைக்கு மறுநாள் அப்பா ஒரு வீடியோ அனுப்பினார். பேஸ்மென்ட் சரிவுப் பக்கம் சுவரில் ஈரம் இறங்குகிறது. அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு, உள்ளே தேதி எழுதி, பக்கத்தில் 24 என்று போட்டிருந்தார்.