கிண்ணத்துக்குள் மிளகு வாசனை

மானாம்பதியில் மிளகு ரசம் வைக்கிறவளுக்கு ஒயினைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் மூக்கு பட்ட பாட்டைச் சொன்னால் புரியும்.

2021-ல் கொரோனா வந்து போனபின் எனக்கு வாசனையே தெரியவில்லை. பால் தீய்ந்தாலும் பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னபடி ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் நாலையும் காலையும் மாலையும் முகர்ந்து வந்தேன். ஒவ்வொன்றாகத் திரும்பின. மிளகு மட்டும் நாக்கில் காரமாக இருந்ததே தவிர, மணமே இல்லை.

2022-ல் தம்பி மனைவியின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போயிருந்தேன். ஒருநாள் தம்பி, அங்கிருந்து ஒரு மணி நேர தூரத்திலுள்ள யாரா பள்ளத்தாக்குக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்க அழைத்துப் போனான். குளிர்ப் பிரதேசத்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தார்கள். எனக்குக் கை கூசியது. குடியால் தாலி இழந்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

"குடிக்க வேணாம்க்கா, மோந்து பாரு போதும்" என்றான்.

கிண்ணத்தை லேசாகச் சுழற்றி மூக்கருகே கொண்டு போனேன். அப்போதுதான் இடித்த மிளகு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பியோ, "எனக்கு ஒண்ணும் வரலியே" என்றான்.

காரணம் இருக்கிறது. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் நம் மிளகுக்கு அந்த மணத்தைத் தருகிறது. ஷிராஸிலும் அதுவே இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுக்கும் பழத்தில் அது கூடுதல். வெயில் இடத்தில் குறைவு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரிவதே இல்லையாம்!

ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினேன். நாவல்பழத்தின் புளிப்பும் துவர்ப்பும் தெரிந்தன. ருசி பார்க்கிறவர்கள் துப்புவது அங்கே வழக்கம்; அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. நான் சொல்ல வந்தது மூக்கைப் பற்றித்தான். வாசனை திரும்பாத சகோதரிகள் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அந்த நாலு வாசனையையும், ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி, தினம் இரண்டு வேளை, மூன்று மாதமாவது முகர்ந்து வாருங்கள். நடுவில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.