ஏற்காட்டுப் பலாவின் எடை

காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில் ஒரு வெள்வேல மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வானம்தான் அதிகம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், மேயும் மாடுகள், வெயில். அங்கே வளர்ந்த எனக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் வேறொரு நாடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி உள்ளே நுழைந்தால், உச்சி வேளையிலும் நிலத்தில் விழும் வெயில் நாணய அளவுதான்.

சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். இங்கே விளையும் அராபிகாவுக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் தலைக்கு மேலே ஈட்டி, நாவல், பலா, சந்தன வேம்பு. இடையில் கல்யாண முருங்கை. அடியில் தோளுயரக் காப்பிச் செடி. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி.

ஒரு பலாவின் அடியில் மேஸ்திரி நின்றார். "எங்கப்பாரு இங்க வேலைக்கு வந்தப்பவே இது பெரிய மரமுங்க." நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றினோம். எட்டு அடி. பட்டை கரடுமுரடாக, பாதி பாசி படிந்து, விரல் வைத்தால் ஈரம். அடிமரத்திலேயே பிஞ்சுகள். உயரம் அறுபது, அறுபத்தைந்து அடி இருக்கும். சுற்றளவு, உயரம், மரத்தின் அடர்த்தி மூன்றும் தெரிந்தால் எடையை மதிப்பிடலாம். காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். அந்தக் கணக்கில் தரைக்கு மேலே மட்டும் ஒன்றரை டன் கரிமம் வந்தது. ஒரு டன் கரிமம் என்றால் காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயு 3.67 டன். ஆக ஐந்து டன்னுக்கு மேல்! ஒற்றை மரம், அதுவும் வேர் சேராமல். அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அடர்த்தி கூடக்கூட அதே பருமனுள்ள மரத்தில் கரிமமும் கூடும். கோவையில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் ஈட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த இறுக்கம் தெரிந்திருக்கும். அப்படி இறுக அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

அடுத்த சரிவில் வரிசை வரிசையாகச் சில்வர் ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். சீக்கிரம் வளரும், நெட்டையாக நிற்கும், மிளகு ஏற வாகு, பிளைவுட்டுக்கு விலை போகும். காப்பி விலை விழும் வருஷத்தில் தோட்டக்காரருக்கு அதுதான் கைகொடுக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெட்டி விற்கிற மரத்தில் கரிமம் தங்குவது கொஞ்ச காலம். காலடியிலும் வித்தியாசம் தெரிந்தது. பலாவடியில் பல மரத்துச் சருகு மட்கி, செருப்பு அமுங்கும் கறுப்பு மண். இங்கே ஒரே மரத்தின் இலை.

"இந்தப் பலாவுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களாங்க?" என்றார் மேஸ்திரி. கரிமச் சந்தை பெரும்பாலும் புதிதாகச் சேரும் கரிமத்துக்கே பணம் தருகிறது. ஏற்கெனவே நிற்பதைக் காத்தவருக்கு, அது வெட்டுப்படும் ஆபத்தில் இருந்தது என்று நிரூபித்தால் ஒழிய, கிடைப்பது அரிது. தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் வைத்திருப்பவருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்பேன். நாட்டு மரம் நிற்கும் காப்பிக்குக் கூடுதல் விலை கொடுத்து நம் ஊர்க் கடைகளே அதை இன்றைக்கே தொடங்கலாம்.